தகரச் சாவி பொம்மை: முதலில் வண்ணத்தைப் பாருங்கள்

தகரத்தில் செய்த பழைய சாவி பொம்மை ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் செய்கிற முதல் காரியம், சாவியைத் திருகி ஓடுகிறதா என்று பார்ப்பது. ஓடினால் கேட்ட விலைக்கு வாங்குகிறார்கள். ஓடாவிட்டால் வேண்டாம் என்று வைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இது தலைகீழ். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கையும் பல்சக்கரங்களையும் பொறுமையான கை பெரும்பாலும் சரிசெய்துவிடும். தகரத்தின் மேல் இருக்கிற வண்ணம் போனால் போனதுதான். ஓடாத, ஆனால் வண்ணம் கெடாத பொம்மையைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஐம்பது வருடம் பரணில் கிடந்த பொம்மையின் சாவியைக் கடையிலேயே முழுக்கத் திருகுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எண்ணெய் கெட்டிப்பட்டு இறுகியிருக்கும் ஸ்பிரிங்கின் கொக்கி அந்த ஒரு திருகலில்தான் முறியும்.

வண்ணம் ஏன் திரும்ப வராது என்பதற்கு அது தகரத்தில் ஏறிய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தகரப் பொம்மைகள் ஈயப்பற்று வைத்து இணைத்து, கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. 1875இல் இங்கிலாந்தின் ராபர்ட் பார்க்ளே, உருளை வழியாகத் தகரத்தில் அச்சிடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது படத்தைக் கல்லில் வரைந்து அச்சிடுவார்கள், லித்தோ என்பது அதைத்தான். கல்லில் இருக்கும் படம் நேராகத் தகரத்தில் பதியாது, இரண்டுமே வளைந்து கொடுக்காதவை. அதனால் படத்தை முதலில் இடையில் ஓர் உருளைக்கு மாற்றி, அங்கிருந்து தகரத்துக்கு இறக்கினார். ஆஃப்செட் என்று நாம் சொல்வது இதுதான். காகிதத்துக்கு அது வந்தது 1900க்குப் பிறகு. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஆஃப்செட் மிஷினுக்கு மூத்த அண்ணன், பிஸ்கட் டப்பாவுக்கும் பொம்மைக்கும் தகரம் அச்சிட்ட மிஷின்.

தகரம் தட்டையாக இருக்கும்போதே ஒவ்வொரு நிறமாக அச்சிட்டு, ஒவ்வொன்றையும் சூட்டில் உலர்த்தி, மேலே வார்னிஷ் பூசுவார்கள். அதன் பிறகுதான் அச்சில் வைத்து வெட்டி, அழுத்தி, கார் கூரையாகவோ குதிரை முதுகாகவோ வளைப்பார்கள். மை உலோகத்தோடு சேர்ந்து இழுபட வேண்டும். ஆழமாக அழுத்தப்பட்ட இடங்களில், மட்கார்ட் வளைவிலும் பொம்மை மனிதனின் மூக்கிலும், மயிரிழை விரிசல்கள் தெரிவது இதனால்தான். அதைக் குறையாக எண்ண வேண்டாம். பழைய பொம்மை என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

தகரம் என்பது மெல்லிய வெள்ளீயப் பூச்சுள்ள இரும்பு. துத்தநாகம் பூசிய வாளியில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காக்கும். வெள்ளீயம் நேர்மாறு. கீறல் விழுந்த இடத்தில் இரும்புதான் பலியாகும், அதுவும் வேகமாக. வண்ணத்துக்கு அடியில் துரு ஓடி, ஒருநாள் மை செதிலாகக் கழன்று விழும். வெட்டிய விளிம்புகளில் எந்தப் பூச்சும் கிடையாது, துரு அங்கேதான் தொடங்கும். வாங்கும்போது பொம்மையைக் கவிழ்த்து, விளிம்புகளை 10 மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். விளிம்பில் பழுப்புக் கோடு மட்டும் இருந்தால் பரவாயில்லை. விளிம்பிலிருந்து உள்நோக்கி வண்ணம் கொப்புளித்திருந்தால் அது நிற்காது.

எங்கே, எப்போது செய்தார்கள்

இந்தப் பொம்மைகளின் தலைநகரம் ஜெர்மனியின் நூரம்பெர்க். கடிகாரமும் தகர வேலையும் பல தலைமுறைகளாக ஊறிய ஊர். பிங், கார்ல் புப், குந்தர்மான், ஷூகோ, டிப் அண்ட் கோ, அர்னால்ட், கெல்லர்மான், டிஸ்ட்லர் எல்லாம் அங்கே பிறந்த பெயர்கள். இரண்டு பெரியவர்கள் மட்டும் வெளியே: மெர்க்லின் கோப்பிங்கனில், லேமான் பிராண்டன்பர்கில்.

எர்ன்ஸ்ட் பவுல் லேமான் 1881இல் தொடங்கிய தொழிற்சாலையின் பொம்மைகளைத்தான் புதிதாகச் சேர்ப்பவர்கள் முதலில் படிக்க வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் பெயரும், இ.பி.எல். என்ற எழுத்துகளோடு எண்ணும் உண்டு. முரட்டுக் கழுதை வண்டி 425, ஊதுகுழல்காரர் ஓட்டும் 'டுட் டுட்' கார் 490. எடை மிகக் குறைவு, தகரம் மெலிது, ஆனால் அசைவில் நாடகம் இருக்கும். கழுதை முன்னே போகும், பின்னே போகும், கோமாளி வண்டியில் தடுமாறுவார். 'டுட் டுட்' காரில் ஒரு சிறு துருத்திதான் ஊதல் ஒலி எழுப்பும். கார் ஓடி ஊதல் ஊதாவிட்டால் துருத்தி கிழிந்திருக்கிறது என்று பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிராண்டன்பர்க் கிழக்கு ஜெர்மனியில் சேர்ந்தது, தொழிற்சாலை அரசுடைமையானது. குடும்பம் மேற்கே வந்து நூரம்பெர்கில் மறுபடியும் தொடங்கியது.

ஷூகோவின் பெருமை வேறு வகை. 1912இல் தொடங்கிய ஷ்ரையர் அண்ட் கோ என்ற பெயரின் சுருக்கம் அது. ஹைன்ரிஹ் முல்லர் என்ற பொறியாளர் மூளை அதன் பின்னால் இருந்தது. எக்ஸாமிகோ 4001 என்ற கார், பி.எம்.டபிள்யூ. 328ஐப் பார்த்துச் செய்தது. நான்கு கியர், ரிவர்ஸ், கிளட்ச், கைபிரேக், திருப்பினால் திரும்பும் ஸ்டியரிங் எல்லாம் உள்ளங்கை அளவில் இருக்கும். ஸ்டூடியோ 1050 மெர்சிடிஸ் பந்தயக் காரில் சக்கரத்தைக் கழற்றி மாட்டக் கருவிகளே கூட வந்தன. மேசை விளிம்பில் விழாமல் திரும்பும் வெண்டெ ஆட்டோ 1010இன் சூட்சுமம் எளிது. அடியில் குறுக்காக ஒரு சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும், ஆனால் மேசையைத் தொடாது. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டி இறங்கியதும் உடல் சற்றுத் தாழும், குறுக்குச் சக்கரம் மேசையைப் பற்றிக் காரைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். இப்படிப்பட்ட கார் திரும்பாமல் விழுகிறது என்றால் குறுக்குச் சக்கரத்தின் ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருக்கும் அல்லது காணாமல் போயிருக்கும். வேறெங்கும் தேட வேண்டாம்.

அரசியல் இந்தத் தொழிலை இரண்டு முறை உடைத்தது. பாரிசில் பிறந்து நூரம்பெர்கில் தொழில் நடத்திய ஜார்ஜ் கரெட், பிரெஞ்சுக்காரர் என்பதால் முதல் உலகப் போரோடு அங்கே எல்லாம் முடிந்துபோனது. டிப் அண்ட் கோவின் பிலிப் உல்மான் யூதர். 1933இல் நாட்டை விட்டு வெளியேறி, இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் மெட்டாய் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1956இல் கார்கி என்ற பொம்மைக் கார்களை வெளியிட்டதும் அந்த மெட்டாய்தான்.

ஜப்பானில் 1945 டிசம்பரில், ஓட்சு நகரில் கொசுகே மாட்சுசோ என்ற பொம்மைத் தயாரிப்பாளர் அமெரிக்க ராணுவம் வீசிய உணவு டப்பாத் தகரத்தை வெட்டி ஜீப் செய்தார். கியோட்டோவின் ஒரு பெரிய கடையில் 10 யென்னுக்கு விற்றது. அங்கிருந்து ஜப்பானியத் தகரப் பொம்மை எழுந்தது. அந்தக் காலத்து ஜப்பானியப் பொம்மைகளில் சிலவற்றின் உட்புறத்தில் பழைய டப்பாவின் அச்சு தெரியும். அது போலி என்று பயந்து விடாதீர்கள், நல்ல அறிகுறி அது. அமெரிக்காவில் அதே வேலையைப் பெருமளவில் மலிவாகச் செய்தவர் லூயிஸ் மார்க்ஸ், 1919 முதல்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 1880களிலிருந்து 1930கள் வரை வந்த ஜெர்மானிய, அமெரிக்கப் பொம்மைகளில் கறுப்பின மக்களையும் சீனர்களையும் இழிவாகக் காட்டும் உருவங்கள் நிறைய. அவற்றைச் சேர்ப்பவர்கள் அடியில் என்ன என்று எழுதி வைக்க வேண்டும். அலங்காரமாகக் கூடத்தில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

காலத்தைக் கணிக்க அடியில் இருக்கும் எழுத்துகள் போதும். நாட்டின் பெயரே இல்லாத ஏற்றுமதிப் பொம்மை பெரும்பாலும் 1891க்கு முந்தியது, ஏனென்றால் அந்த ஆண்டிலிருந்து அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் கட்டாயமானது. டி.ஆர்.ஜி.எம். என்றால் ஜெர்மானியப் பயன்மாதிரிப் பதிவு, அதாவது சிறு கண்டுபிடிப்புகளுக்கான எளிய பதிவு, அது தொடங்கியதும் 1891. டி.ஆர்.பி. என்றால் முழுக் காப்புரிமை. இரண்டும் 1945 வரைக்கும்தான். பின்னால் வந்தது டி.பி.ஜி.எம். யு.எஸ். ஸோன் ஜெர்மனி என்றால் போர் முடிந்த சில ஆண்டுகள். மேட் இன் ஆக்குபைட் ஜப்பான் என்றால் 1947க்கும் 1952க்கும் இடையில். ஜப்பானியப் பொம்மைகளில் டி.என். நொமுரா, எஸ்.எச். ஹொரிகாவா, டி.எம். மசுதாயா. எம்.எஸ். என்று தொடங்கும் எண் சீனச் சாவி பொம்மை, எம்.இ. என்றால் பேட்டரிப் பொம்மை.

திறப்பதற்கு முன்

சாவியைத் திருகினால் என்ன நடக்கிறது என்பதை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் ஸ்பிரிங்கின் ஒரு முனை கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. கொஞ்சம் இறுகி, டக்கென்று விட்டுவிட்டு, மறுபடி இறுகினால், திருகிய ஸ்பிரிங் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ராட்செட் பிடிக்கவில்லை. மலிவான பொம்மைகளில் தனி ராட்செட் பல் இருக்காது. சக்கரத்தில் துளைகளும், அவற்றில் விழும் வளைந்த ஸ்பிரிங் தகடும் மட்டுமே இருக்கும். அந்தத் தகடு தட்டையாகிப் போயிருக்கும், மெல்ல வளைத்து உயர்த்தினால் பிடித்துக்கொள்ளும். நன்றாக இறுகியும் ஓடாவிட்டால் எண்ணெய் பிசினாகியிருக்கிறது, அல்லது தரைவிரிப்பு நூலோ தலைமுடியோ தண்டில் சுற்றியிருக்கிறது. இரண்டாவதைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். நான்கு விநாடியில் விர்ரென்று எல்லாம் ஓடித் தீர்ந்தால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சக்கரத்திலிருந்து விலகியிருக்கிறது.

பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகர நாக்கு ஒன்றையும் தொடுவதற்கு முன் ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டும். சக்கரங்களைத் தூக்கிப் பிடித்து ஓடவிட்டால் போதும். சிக்கிக்கொண்டு ஓடாவிட்டால், சாவியை இறுகப் பிடித்தபடி மெல்லிய ஸ்குரூடிரைவரால் ராட்செட் தகட்டைத் தூக்கி, அரைச் சுற்று அரைச் சுற்றாகச் சாவியை விடுங்கள். அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்தை வெளியே எடுத்த கையோடு ஸ்பிரிங்கைச் சுற்றிக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கிவிடுங்கள். இறுகிய ஸ்பிரிங் சட்டத்திலிருந்து பாய்ந்தால் விரலை வெட்டும், கண்ணையும் விடாது. கண்ணாடி அணியாமல் இந்த வேலை வேண்டாம்.

அடுத்தது நாக்குகள். இரண்டு பாகங்களைச் சேர்ப்பது ஒரு பாகத்தின் நாக்கு, மற்றதன் துளைக்குள் போய் மடங்கியிருப்பதால்தான். தகரம் மடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் கடினமாகி உடையத் தயாராகும். தொழிற்சாலையில் ஒரு முறை மடக்கியாயிற்று. நீங்கள் திறந்து மூடினால் இன்னும் இரண்டு. அவ்வளவுதான் அதன் ஆயுள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மடிப்பை முழுக்க நிமிர்த்தாமல், துளை வழியாக நழுவும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். இரும்புக் கருவி வண்ணத்தைக் கீறும், மூங்கில் சீவலோ பித்தளைத் தகடோ எடுங்கள். இயந்திரத்தை எட்ட எத்தனை நாக்கு போதுமோ அத்தனை மட்டும். ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம், குறிப்பாக எந்தத் தண்டு எந்தப் பக்கம் நீண்டிருந்தது என்பதற்கு. பலரும் மாற்றிப் போடுவது அதைத்தான்.

ஸ்பிரிங் பெரும்பாலும் நடுவில் முறிவதில்லை, கொக்கி மாட்டும் முனையில்தான் முறியும். முறிந்த முனையில் கடைசி ஒரு சென்டிமீட்டரை மட்டும் செந்தழலாகக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் எஃகு மென்மையாகும். அதில் துளை போடலாம், கொக்கி வளைக்கலாம். மீதியை ஈரத்துணி சுற்றிய குறடால் இறுகப் பிடித்திருக்க வேண்டும். சூடு உள்ளே ஏறினால் அந்த நீளமும் மென்மையாகி, வில் தன்மை போய்விடும். ஒரு சென்டிமீட்டர் குறைவதால் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

புது ஸ்பிரிங் போடத்தான் வேண்டும் என்றால் அகலத்தைவிடக் கனத்தை அளப்பது முக்கியம். விசை கனத்தின் மும்மடிப்பெருக்கில் கூடும். 0.25 மி.மீ. இருந்த இடத்தில் 0.30 மி.மீ. போட்டால் ஏறத்தாழ 1.7 மடங்கு விசை. மெல்லிய தகரப் பல்சக்கரம் அதைத் தாங்காது, முதல் திருகலிலேயே பல் சாயும். வலுவான ஸ்பிரிங் போட்டால் நன்றாக ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிசினான எண்ணெய்க்கு, பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பென்டைனில் இயந்திரத்தை மட்டும் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்க உலரவிடுங்கள். காற்றோட்டமான இடத்தில், தீ பக்கத்தில் இல்லாமல். உடலை ஊறவைக்கக் கூடாது. பிறகு தையல் மிஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி, தண்டு சட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொரு துளையிலும். ஸ்பிரிங் சுருளுக்கு மெல்லிய கிரீஸ் பூச்சு. பல்சக்கரப் பற்களுக்கு ஒன்றும் வேண்டாம். அங்கே எண்ணெய் இருந்தால் தூசி ஒட்டி, உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும். தேங்காய் எண்ணெய் போடவே கூடாது. குளிரில் உறையும், நாளாக நாளாகப் பிசுபிசுக்கும்.

வண்ணத்தைத் தொடுவதற்கு இருக்கும் அனுமதி மிகக் குறைவு. காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு, கண்ணில் படாத இடத்தில் முதலில். பஞ்சில் நிறம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், சிவப்புதான் பெரும்பாலும் முதலில் வரும். நிறம் வராவிட்டால் ஒரு நாணய அளவு இடமாகத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். ஸ்பிரிட், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர், பித்தளை பாலிஷ், கார் பாலிஷ், புளி, வினிகர் எதுவும் கிட்டே வரக் கூடாது. துருவை அரிக்கும் அமிலம் அச்சு மையையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். துருப் பிடித்த விளிம்பில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் வைத்து, ஒரு நாள் கழித்துப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். உதிர்ந்த இடத்தில் புது பெயின்ட் தொட்டுவைப்பது பொம்மையின் மதிப்பையும் உண்மையையும் ஒருசேரக் கெடுக்கிறது.

அப்படித் தொட்டுவைத்த பெயின்டைக் கண்டுபிடிக்க, கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கு போதும். இருட்டறையில் அடித்தால் புதுப் பூச்சு பழைய மையிலிருந்து வேறு மாதிரி தெரியும். பெட்டிக்கும் இதே சோதனை. பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிரும் அட்டை 1950களுக்குப் பிந்தியது, அதன்மேல் 1930களின் படம் இருந்தால் யாரோ புதிதாக அடித்தது. லென்ஸில் பார்த்தால் பழைய லித்தோவில் நிறங்கள் திட்டுத் திட்டாகவோ கைப்புள்ளிகளாகவோ இருக்கும். நான்கு நிறப் புள்ளிகள் பூப்போல ஒழுங்காக அடுக்கியிருந்தால் சமீபத்திய மறுபதிப்பு என்று சந்தேகப்படலாம். ஆனால் ஷூகோ போன்ற பெயர்களே பழைய மாடல்களைத் திரும்ப வெளியிட்டிருக்கின்றன. அவை போலியல்ல. பழையது என்று சொல்லி விற்கும்போதுதான் ஏமாற்று. கூட்டல்குறி போன்ற கீற்றுள்ள தலை கொண்ட ஸ்குரூ இருக்கும் 1920களின் கார் என்று யாராவது சொன்னால், அந்த ஸ்குரூ பரவியது 1930களின் பிற்பகுதியில் என்று நினைவில் வையுங்கள்.

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குக் காற்றே எதிரி. அலமாரிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும், சிறிய ஈரப்பத மீட்டர் ஒன்று உள்ளே இருக்கட்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் 110 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் உறிஞ்சும். புது பிளைவுட், எம்.டி.எஃப். அலமாரிகள் அமில ஆவி விடும். பவுடர் கோட்டிங் உள்ள இரும்பு பீரோ நல்லது. செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதிலும் அமிலம் உண்டு. வியர்வையின் உப்பு, தொட்ட இடத்தில் விரல்ரேகை வடிவிலேயே துருவாகும், நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செல்லுலாய்டு தலை, கை உள்ள ஜப்பானியப் பொம்மைகளைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். அது சிதையும்போது வரும் ஆவி பக்கத்துத் தகரத்தையும் அரிக்கும், எளிதில் தீயும் பிடிக்கும். பழைய வண்ணத்திலும் பற்றிலும் ஈயம் இருக்கும், எனவே குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். எடுத்து வைக்கும்போது ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும். ஓட்டிக் காட்டும்போதும் முக்கால் பங்குக்கு மேல் திருகாதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக லேமானையோ ஷூகோவையோ திறக்காதீர்கள். குதிக்கும் பச்சைத் தவளை, எம்.எஸ். 082, சீனாவில் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. நாக்கும் துளையும், திறந்த ஸ்பிரிங்கும், குதிக்க வைக்கும் நெம்புகோலும் எல்லாம் அதில் உண்டு. இரண்டு தவளைகள் வாங்கி, ஒன்றின் நாக்குகளை முறியும்வரை மடக்கி நிமிர்த்துங்கள். எந்த இடத்தில் தகரம் விட்டுக்கொடுக்கிறது, எப்போது விறைக்கிறது என்பது விரலுக்குப் பழகிவிடும். இரண்டாவது தவளையைத் திறந்து, கழுவி, எண்ணெய் விட்டு, மூடி, மறுபடி குதிக்க வையுங்கள். அது குதித்த பிறகு ஜெர்மானியப் பொம்மையைக் கையில் எடுக்கலாம்.